ஐந்தரை டன்

இருபது டன் பஞ்சு லாரியை ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு விரலால் நிறுத்துப் பார்க்கும் இடம் ஒன்று கோவில்பட்டியில் இருந்தது. கழுகுமலை ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில், பஞ்சு வியாபாரி ஒருவருக்குச் சொந்தமான எடை மேடை. நாற்காலியில் இருந்தவர் முத்துகிருஷ்ணன். வயது நாற்பத்தாறு. கணக்குப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும், உள்ளங்கையில் பழைய வெல்டிங் தழும்புகள் இருந்தன.

மேடையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. "லாரி நிக்கிற பலகைக்கு அடியில ஒரு குழி இருக்கு. குழியில நாலு மூலைக்கு நாலு நெம்புகோல். ஒவ்வொண்ணும் பாரத்த வாங்கி, அதுல கொஞ்சத்த மட்டும் அடுத்ததுக்குக் கடத்தும். கடைசியில மிஞ்சுறத ஒரு ஒத்தக் கம்பி இந்த ரூமுக்குள்ள கொண்டாந்து இந்தத் தண்டுல மாட்டுது. அம்புட்டுத்தான்" என்பார். தண்டு ஒரு மீட்டர் நீளம். சந்தையில் முன்பெல்லாம் வெள்ளிக்கோலில் நிறுப்பார்களே, அதே சங்கதிதான், உருவம் பெரிது. தண்டின்மேல் பத்துக் கிலோ குண்டு ஒன்று ஓடும். மேடையில் இரண்டாயிரம் கிலோ ஏறினால் குண்டைப் பத்து சென்டிமீட்டர் தள்ளினால் போதும், தண்டு சமமாக நிற்கும். இருபது டன்னுக்கு மேலே லாரி வந்துவிட்டால் குண்டு ஓட இடம் இருக்காது. அதற்காகத் தண்டின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டுத் தொங்கும். அதில் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் அது மேடையில் இருக்கும் இரண்டு டன்னுக்கு ஈடு கொடுக்கும்.

இப்படி எந்திரத்தைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதருக்கு, 1997ஆம் வருஷம் மாசி மாதம் முழுக்க வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் பெயர் ராமசுப்பு.

ராமசுப்புவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் முத்துகிருஷ்ணனின் பட்டறையில் வெல்டராக இருந்தவன். இப்போது கயத்தாறு போகிற ரோட்டில் சொந்தப் பட்டறை வைத்திருந்தான். சுற்று வட்டாரத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் எல்லாரிடமும் இருந்தது மூன்று டன் டிராக்டர் டிரெய்லர்தான். அந்தப் பழைய டிரெய்லரையே வாங்கி, இன்னோர் அச்சும் பிரேக்கும் சேர்த்து, ஐந்து டன் ஏற்றுகிற மாதிரி மாற்றித் தருவதற்கு அவன் ஒரு வரைபடம் போட்டுச் சென்னைக்கு அனுப்பினான். போக்குவரத்துத் துறையில் வரைபடத்தைப் பார்த்து, "களத்தில் சோதித்து அறிக்கை அனுப்புக" என்று எழுதிவிட்டார்கள். ஐந்து டன் ஏற்றி, மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். ஜெயித்தால் அரசாங்க முத்திரை. அதற்குப் பிறகு பருத்தி ஏற்றுகிறவன், கரி ஏற்றுகிறவன், தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குச்சி ஏற்றுகிறவன் அத்தனை பேரும் ராமசுப்பு வாசலில்தான் நிற்பார்கள்.

இதில் முத்துகிருஷ்ணனுக்கு என்ன வந்தது என்றால், ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே சோதனைக்கு இதே ஐந்து டன்னைக் கேட்டு வண்டி கட்டியவர் அவர்தான்.

அன்றைக்கு நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. கல்குவாரிப் பாதையின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் மெதுவாகத் தரையை விட்டு எழுந்தன. டிரைவர் குதித்துவிட்டான். டிராக்டர் முன்னங்காலைத் தூக்கிய குதிரை மாதிரி ஒரு நிமிஷம் நின்று, மல்லாக்கச் சாயாமல் எப்படியோ இறங்கியது. மறுநாளிலிருந்து அவர் பெயர் 'குதிரை' முத்துகிருஷ்ணன். ஆறு மாதத்தில் பட்டறையை மூடிவிட்டு எடை மேடைக்கு வந்தார். இன்றைக்கும் லாரிக்காரன் எவனாவது ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, குதிரைக்குப் புல்லுப் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டை வாங்குவான்.

தப்பு எங்கே என்பது அவருக்கு அப்புறம் விளங்கியது. நிற்கிற ஆளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் அவன் மல்லாக்க விழுவான். கணுக்காலைப் பிடித்து இழுத்தால் மல்லாக்க விழ மாட்டான். டிராக்டரும் அப்படித்தான். பாரத்தை மாட்டுகிற கொக்கி, பின் சக்கரத்தின் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் பாரம் டிராக்டரைத் தோளைப் பிடித்து இழுக்கும். இது தெரியாதவரா முத்துகிருஷ்ணன்? தெரியும். ஆனால் அவர் வண்டி கட்டியது கரிசல்காட்டுச் சம்சாரிக்கு. ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் களி மாதிரி ஆகிவிடும், டிராக்டர் முழங்கால் ஆழத்துக்குப் புதையும். கொக்கி தாழ இருந்தால் டிரெய்லரை இழுக்கும் நீளச் சட்டம் சேற்றில் உழும். "சட்டம் சேத்துல படாம உசத்தி வையும் வே" என்று எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். அவர் உயர்த்தினார். சேற்றுக்குப் பயந்து மேட்டில் தோற்றார்.

ராமசுப்பு அந்த முடிச்சை எப்படி அவிழ்த்திருக்கிறான் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. சோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் அவனே வந்து கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து வண்டியப் பாருங்க. வியாழக்கிழமை உங்க மேடையிலதான் எடை போடச் சொல்லியிருக்காக."

"நான் பாத்து என்னலே ஆகப்போகுது? என் கண்ணு பட்டா குதிரையால்லா எந்திரிக்கும்?"

"அட, வாங்க அண்ணாச்சி. கொக்கிய எப்படி மாட்டுனாலும் உங்க ஞாவகந்தான் வருது."

அந்தக் கடைசிப் பேச்சு அவன் மரியாதையாகச் சொன்னதா, குத்திக் காட்டினதா என்று யோசித்துக்கொண்டே முத்துகிருஷ்ணன் போனார். போய்ப் பார்த்தார்.

சட்டம் நேராக இல்லை. டிராக்டர் பக்கம் தாழ இருந்து, இரண்டு அடி தாண்டியதும் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து மேலே ஏறி, அப்புறம் டிரெய்லரில் சேர்ந்தது. கொக்கி அச்சுக்குக் கீழே. சட்டம் சேற்றுக்கு மேலே. ஒரே ஒரு வளைவு. ஏழு வருஷம் அவர் படுக்கையில் புரண்டு புரண்டு தேடியது அந்த வளைவைத்தான்.

பிரேக்கோ அதைவிட அழகு. டிராக்டர் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிற டிரெய்லர் சும்மா இருக்காது, முட்டித் தள்ளும். அந்த முட்டுதலையே ராமசுப்பு வேலைக்கு வைத்திருந்தான். சட்டத்தின் முனை ஒரு குழாய்க்குள் சறுக்கி, ஒரு நெம்புகோலை அழுத்தி, டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். பாரம் தன்னைத் தானே கட்டிப் போட்டுக்கொள்கிற ஏற்பாடு.

"முட்டுப் பிரேக்குன்னு பேரு வச்சிருக்கேன்" என்றான் ராமசுப்பு.

முத்துகிருஷ்ணன் அந்த நெம்புகோலை ஒருமுறை தொட்டார். அதன் நீளம் சரியாக இருந்தது. ஒரு விரற்கடை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வாயைத் திறந்து, "வெல்டிங் கொஞ்சம் முண்டும் முடிச்சுமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். மனைவி சுதாராணி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ராமசுப்பு வண்டியப் பாத்துட்டு வந்தீங்களாமே. எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா? சட்டியில ரசம் இருக்குங்குத மாதிரி சொல்லுதீங்க."

"அம்புட்டுத்தான் இருக்கு."

"அவிய பொண்டாட்டி சொன்னா, எல்லாம் அண்ணாச்சிகிட்ட இருந்து படிச்சதுதான்னு அவிய சொல்லுதாகளாம். உங்களுக்கும் பெருமைதான?"

முத்துகிருஷ்ணன் மோரை ஊற்றச் சொன்னார். என்னிடம் படித்தானா? வளைவை நான் எங்கே சொல்லிக்கொடுத்தேன்? அப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் பெரிய மனுஷன் ஆகிவிட்டான், நான் அவன் ஏறின படிக்கட்டு ஆகிவிட்டேன். தோற்றவனிடம் படித்து ஜெயித்தேன் என்றால், அதைவிடத் தோற்றவனுக்கு அவமானம் உண்டா? மோர் புளித்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரார் வாயில் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. பேச்சு குறைவு, கண் கூர்மை. மேடையில் ஒன்றுமில்லாதபோது குண்டு சுழியத்தில் நின்று தண்டு சமமாக இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார். இருந்தது. சீனி என்ற டிரைவர் டிராக்டரை ஓட்டி வந்து, வெறும் டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தினான். ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.

"அப்ப பாரத்தோட ஆறாயிரத்து அறுநூத்து நாப்பது வரணும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. போய் ஏத்திட்டு வாங்க" என்றார்.

குவாரியில் ஜல்லி மூடைகளை ஏற்றப் போனார்கள். இன்ஸ்பெக்டர் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனார். அறையில் முத்துகிருஷ்ணன் தனியாக இருந்தார்.

மேஜையில் சீட்டுக் கட்டு பறக்காமல் இருக்க வைத்திருந்த கால் கிலோ எடைக்கல் அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. ஒரு கிலோவுக்கு இரண்டு டன் என்றால் கால் கிலோவுக்கு ஐந்நூறு கிலோ. மனக்கணக்கு தானாக ஓடியது. காலையில் வெறும் மேடையிலேயே கல்லை வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. சுழியமும் தப்பும், வெறும் வண்டி எடையும் தப்பும், ஒன்றை ஒன்றில் கழித்தால் பாரம் சரியாகவே வந்துவிடும். வெறும் வண்டிக்கும் பார வண்டிக்கும் நடுவில் வைத்தால்தான் தப்பு தங்கும். நடுவில் என்றால், இப்போது.

நுனித்தட்டு, தண்டைத் தாங்கும் இரும்புத் தூணுக்குப் பின்னால் தொங்கியது. ஜன்னலில் நிற்கிறவருக்குத் தெரியாது. அவர் கல்லைத் தட்டில் வைத்தார். சத்தமே இல்லை.

பார வண்டி வந்தது. குண்டைத் தள்ளினார். ஆறாயிரத்து நூற்று நாற்பதில் தண்டு சமமானது.

"ஐந்நூறு குறையுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராமசுப்பு தலையைச் சொறிந்தான். "நூறு மூடை எண்ணித்தான் சார் ஏத்துனோம். மூடைக்கு அம்பது கிலோன்னு குவாரியில சொன்னாக."

"குவாரிக்காரன் கண்ணாலதானே அளக்கான்" என்றான் சீனி. "அவன் சொல்லுத அம்பது எங்க வீட்டு நாப்பத்தஞ்சு."

எல்லாரும் சிரித்தார்கள். ராமசுப்பு ஜன்னல் வழியாக முத்துகிருஷ்ணனைப் பார்த்தான். "அண்ணாச்சி மேடை சொன்னாச் சரிதான். இன்னும் பத்து மூடை ஏத்துவோம்."

சந்தேகத்தோடு பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் நம்பிக்கையோடு பார்த்தான். பத்து மூடை ஏறியது. குண்டு ஆறாயிரத்து அறுநூற்று நாற்பதில் நின்றது. இந்தப் பத்து மட்டும் எப்படிச் சரியாக ஐம்பது கிலோ நிறுத்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. முத்துகிருஷ்ணன் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டி இறங்கியதும் கல் மறுபடி சீட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"நீங்களும் வாங்க. எடைக்குச் சாட்சியா அறிக்கையில ஒரு கையெழுத்துப் போடணும்" என்று இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்தார்.

கல்குவாரிப் பாதையில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். முத்துகிருஷ்ணனைக் கண்டதும் எவனோ கனைத்துக் காட்டினான். சீனி வண்டியை ஏற்றத்தில் விட்டான். அவருடைய வண்டி எழுந்து நின்ற அதே இடத்தில் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நின்ற இடத்திலிருந்து மறுபடி இழுத்து ஏறுவதுதான் ரொம்பக் கஷ்டமானது, முன் சக்கரம் தூக்குவதாக இருந்தால் அப்போதுதான் தூக்கும்.

முத்துகிருஷ்ணன் முன் சக்கரத்தையே பார்த்தார். எழும்பு, எழும்பு என்று மனசுக்குள் ஒரு குரல். அப்போதுதான், பாதி ஏற்றத்தில் சீனி திரும்பி யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தபோதுதான், வண்டியின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு உறைத்தது. கல்லை வைத்தபோது அவர் கணக்கில் சீனி வரவில்லை. குரல் இப்போது எழும்பாதே, எழும்பாதே என்றது. இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

டிராக்டர் புகை கக்கியது. பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுழன்று மண்ணைப் பிடித்தது. முன் சக்கரம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டே போனது. மேட்டின் உச்சியில் விசில் பறந்தது.

ஐந்தரை டன். அந்தக் கூட்டத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டதற்கு மேலே அரை டன்னை இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. ராமசுப்புவுக்கே தெரியாத ராமசுப்புவின் பெருமை, முத்துகிருஷ்ணனின் நெஞ்சில் மட்டும் கனத்தது.

அடுத்தது இறக்கம். சரிவில் சுண்ணாம்புக் கோடு இரண்டு போட்டிருந்தார்கள். முதல் கோட்டில் பிரேக் போட வேண்டும், எட்டு மீட்டர் தள்ளி இரண்டாம் கோட்டுக்குள் வண்டி நிற்க வேண்டும். சீனி இறங்கி வந்தான். முதல் கோட்டில் மிதித்தான். முட்டுப் பிரேக் கிறீச்சிட்டது. வண்டி சறுக்காமல், கோணாமல், ஒரே சீராகக் குறைந்து குறைந்து வந்து நின்றது.

முன் சக்கரம் இரண்டாம் கோட்டை ஒரு சாண் தாண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். இரண்டு தடவையும் அதே ஒரு சாண். அவர் தாளில் எழுதினார். "ஏத்தம் பாஸ். பிரேக் பெயில். ஒரு மாசத்துக்குள்ள சரி பண்ணிட்டு மறுபடி கூப்பிடுங்க."

முத்துகிருஷ்ணனுக்கு அது பாயசமாக இனித்திருக்க வேண்டும். ஆனால் ஊர் அதில் உப்பைப் போட்டது. "ஒரு சாண்தானலே, விடு!" "ஏறுன ஏத்தத்தப் பாத்தியா, ஆனை மாதிரி!" என்று ஆளாளுக்கு ராமசுப்புவின் தோளைத் தட்டினார்கள். ஒருவன் சர்பத் வாங்கிக் கொடுத்தான். தோற்ற அன்றைக்கு இவருக்குக் குதிரைப் பட்டம். அவனுக்குச் சர்பத். தோல்வியில்கூட அவன் என்னைவிட நன்றாகத் தோற்கிறான் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தனியாக இருக்கும்போதாவது அவன் முகம் வாடியிருக்கும், அதையாவது பார்த்துவிட வேண்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்கு அவன் பட்டறைக்குப் போனார்.

ராமசுப்பு டிரெய்லருக்கு அடியில் குத்தவைத்திருந்தான். முகம் வாடித்தான் இருந்தது. அவர் நினைத்த அளவுக்கு அது ருசிக்கவில்லை. அவன் கையில் காஸ் வெட்டும் குழாய். நீலச் சுடர் சீறிக்கொண்டிருந்தது.

"என்னலே பண்ணுத?"

"நெம்புகோலு நீளம் பத்தல அண்ணாச்சி. அறுத்துட்டு நாலு விரற்கடை கூட்டிப் போடப்போறேன். இன்னும் அழுத்திப் பிடிக்கட்டும்."

நாலு விரற்கடை கூட்டினால் என்ன ஆகும் என்பது அவர் கண்முன்னால் படம் மாதிரி ஓடியது. ஐந்து டன்னுக்கு அந்தப் பிடி அதிகம். பாரம் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். சக்கரம் உருண்டுகொண்டே குறைய வேண்டும், அதுதான் பிரேக். சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டால் அது பிரேக் இல்லை, சறுக்குக்கட்டை. மழை நாளில், கரிசல் சேறு அப்பிய தார் ரோட்டில், சக்கரம் பூட்டிய டிரெய்லர் நேராக வராது. பக்கவாட்டில் வீசி, கத்திரிக்கோல் மூடுகிற மாதிரி மடங்கி, டிராக்டரில் இருக்கிறவன் மேலேயே வந்து விழும். இல்லாத குற்றத்துக்காக, சரியாக இருக்கிற ஒரு பொருளை அவன் அறுக்கப் போகிறான். அந்த நெம்புகோல் அவ்வளவு சரியாக இருந்தது. அவர் தொட்டுப் பார்த்திருந்தார்.

சுடர் இரும்பைத் தொட்டது. இரும்பு சிவக்கத் தொடங்கியது.

"அறுக்காதலே."

"ஏன் அண்ணாச்சி?"

"நீளம் சரியாத்தான் இருக்கு. எடைதான் தப்பு."

ராமசுப்பு சுடரை அணைத்தான். "எந்த எடை?"

"காலம்பற போட்டது. ஐந்நூறு கூட."

"கூடன்னா..."

"வண்டியில இருந்தது அஞ்சு டன்னு இல்ல. அஞ்சரை."

அவன் கோபப்படுவான், கையை ஓங்குவான் என்று முத்துகிருஷ்ணன் எதிர்பார்த்தார். ராமசுப்புவின் உதடு அசைந்தது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கண் விரிந்தது. "அஞ்சரையவா அந்த ஏத்தத்துல இழுத்துச்சு? அஞ்சரைக்கா ஒரு சாண்? அண்ணாச்சி! அப்ப அஞ்சுக்குக் கோட்டுக்கு உள்ளயே நின்னுருமே!" அவன் எழுந்து டிரெய்லரின் பக்கப் பலகையை மாட்டைத் தட்டுகிற மாதிரித் தட்டினான். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மனிதன் முகத்தில் முத்துகிருஷ்ணன் பார்த்ததில்லை. அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தோமே என்று அந்த நிமிஷத்திலும் அவர் மனசு புழுங்கியது.

அப்புறம்தான் ராமசுப்பு நிதானித்தான்.

"எப்படித் தப்புச்சு? மேடை ஓரத்துல மண்ணு இறுகியிருந்துச்சா? பலகைக்கும் சுவருக்கும் நடுவுல கரிசல் கட்டி மாட்டிக்கிட்டா, பாரத்துல ஒரு பங்க மண்ணே தாங்கிக்கிடும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

நல்ல காரணம். யாரும் நம்புவார்கள். மாசியில் மண் காய்ந்து கிடந்தது என்பதை யாரும் யோசித்துப் பார்க்கப் போவதில்லை. ஆமாம் என்று தலையசைத்தால் போதும்.

"மண்ணு இல்ல" என்றார் முத்துகிருஷ்ணன். "நாந்தான். நுனித்தட்டுல கால் கிலோ கல்ல வச்சேன்."

பட்டறைக்கு வெளியே பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. ராமசுப்பு வெட்டும் குழாயைத் தரையில் வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான்.

"சீனிக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக" என்றான்.

முத்துகிருஷ்ணன் சூடு ஆறிக்கொண்டிருந்த நெம்புகோலைப் பார்த்தார்.

"நாளைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வரணும். நான் சொன்னா, பெயிலாப் போனவன் சாக்குச் சொல்லுதான்னுவாக. நீங்களே சொல்லணும். ஐந்நூறு கூடன்னு எழுதியே குடுக்கணும்."

அந்தப் பேச்சில் 'அண்ணாச்சி' என்ற சொல் இல்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக இல்லை.

எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "எதுக்குய்யா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார். முத்துகிருஷ்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எடை மேடை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த வாரமே பஞ்சு வியாபாரி சாவியை வாங்கிக்கொண்டார். சுதாராணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வளைவு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வயிறு ஆறியிருக்கும்லா" என்றாள். அவள் சொன்னது சரிதான், அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தது.

மறுசோதனைக்கு எடை வேறொரு மேடையில் போட்டார்கள். முத்துகிருஷ்ணனை யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். இந்தத் தடவை யாரும் கனைக்கவில்லை, அவரைக் கண்டதும் விலகி நின்றார்கள். சீனி மட்டும் டிராக்டரிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காறித் துப்பினான்.

வண்டி இறங்கியது. முதல் கோடு. கிறீச்சென்ற சத்தம். நின்றது.

கோட்டுக்கு உள்ளே. கூட்டம் மொத்தமும் சீனியைத் தூக்கப் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் டேப்பை முன் சக்கரத்தின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினார். சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நின்றது ஒரே ஓர் ஆள்தான்.

முத்துகிருஷ்ணன் குனிந்து டேப்பை இழுத்துக் கோட்டின் மேல் வைத்தார். எண்கள் அவர் பக்கம்தான் இருந்தன. கூட்டத்துக்குள்ளிருந்து ராமசுப்பு பிதுங்கி வெளியே வந்தான்.

"எவ்வளவு?" என்று கேட்டான், அவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பைப் பார்த்து.

நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். தன் வண்டிக்கும் இப்படி ஒரு வளைவு வைத்திருந்தால், இந்த நெம்புகோலைத் தான் செய்திருந்தால், ஐம்பதுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று அவர் மனசு அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. நாற்பது என்று சொன்னாலும் அவன் பாஸ்தான். மூன்று சென்டிமீட்டரை யார் திரும்பி அளக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் நாற்பது வந்துவிட்டது.

"நாப்பத்து மூணு" என்றார். இன்ஸ்பெக்டருக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. முத்துகிருஷ்ணன் இன்னும் குனிந்து பார்த்துவிட்டு, சத்தமாக மறுபடி வாசித்தார். "நாப்பத்து மூணு சார். அதுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் கோடு இருக்கு. அதையும் சேத்து எழுதிக்கிடுங்க."